வாய்க்குள் சிவப்பாக, நீலமாக ஒரு கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயில் இரத்தக் குழாய்களிலிருந்து வளருகிற கட்டிகளைப் பற்றி, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பற்றி, கொழும்பில் பல் டொக்டரிடம் போய் வந்தவர்களும் பயொப்சி (கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் செய்கிற பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. இப்படியான கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. மிகச் சில மட்டும் ஆபத்தானவை, ஆனால் அவையும் வெளியே பார்க்க ஆபத்தில்லாதவை போலவே இருக்கும். அதனால் கீழே இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: தொட்டு அழுத்திப் பார்க்காமல் வெட்டக் கூடாது, வெட்டி எடுத்ததை ஆய்வுகூடத்துக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

முரசில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி. பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. இது கான்சரா?

பெரும்பாலும் இல்லை. முரசில் இப்படி வருவதில் அதிகம் காணப்படுவது பயோஜெனிக் கிரானுலோமா என்கிற கட்டி. வாயில் வரும் இந்தக் கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று முரசில்தான் வருகின்றன. மெதுமையாக, கடும் சிவப்பாக இருக்கும், சில வாரங்களிலேயே பயறளவிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்துவிடும், வலி அனேகமாக இருக்காது, ஆனால் லேசாகத் தொட்டாலே இரத்தம் கொட்டும். பல்லில் படிந்த காரை, கரடான அடைப்பு, உடைந்த பல்லின் கூர் என்று அந்த இடத்தை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். கட்டியை எடுத்துவிட்டுக் காரையை அப்படியே விட்டால் திரும்ப வரும், அதனால் பல் சுத்தம் செய்வதும் சேர்ந்ததுதான் சிகிச்சை.

"பெரும்பாலும்" என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்குள் அடங்காத சிலருக்காகத்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அவருக்கும் இதே மாதிரி வந்திருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கும், அதே பயோஜெனிக் கிரானுலோமா கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகமாக வரும். குழந்தை பிறந்த பிறகு பலருக்குத் தானாகவே சுருங்கிவிடும். ஆகவே சாப்பிட இடைஞ்சலோ நிற்காத இரத்தமோ இல்லையென்றால், பல்லைச் சுத்தம் செய்துவிட்டுப் பிரசவம் வரை கவனித்துக்கொண்டிருப்பது வழக்கம். பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே நின்றால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பம் என்று பல் டொக்டரிடம் போகாமல் இருக்க வேண்டாம், வாய்ச் சுத்தம் இந்தக் காலத்தில்தான் கூடுதலாகத் தேவை.

அரிதானவை என்றால் எவை?

பெயர்கள் நீளமானவை, ஆனால் ரிப்போர்ட்டில் வந்தால் அறிந்திருப்பது நல்லது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆஞ்சியோசார்கோமா. இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களிலிருந்து எழுகிற, வேகமாகப் பரவும் புற்றுநோய். பெரியவர்களின் புற்றுநோய்களில் மென்னிழையச் சார்கோமாக்கள் (தசை, கொழுப்பு, இரத்தக் குழாய் போன்ற மென்மையான இழையங்களில் எழுகிற புற்றுநோய்கள்) சுமார் 1 சதவீதம்தான், அந்த 1 சதவீதத்துக்குள்ளும் ஆஞ்சியோசார்கோமா 1 முதல் 2 சதவீதம் அளவே. அதுவும் அதிகம் வருவது வயதானவர்களின் தலைத்தோலிலும் முகத்திலும். வாய்க்குள் வருவது அதிலும் அரிது, வந்தால் நாக்கு, உதடு, முரசு போன்ற இடங்களில் இரத்தம் கசிகிற சிவந்த கட்டியாக வரும். ஒரு பல் டொக்டர் தன் தொழில் வாழ்க்கை முழுவதும் ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வுபெறலாம்.

அடுத்தது எபிதீலியொயிட் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா. 1982ல் வைஸ், என்சிங்கர் என்ற இரு நோயியலாளர்கள் தனி நோயாக விவரித்தார்கள். ஆஞ்சியோசார்கோமாவை விடப் பொதுவாக மெதுவாக நடக்கும், ஆனால் பரவக் கூடியது. முரசில் வந்தால் கீழே எலும்பைக் கரைத்து, பல் ஆடத் தொடங்கி, சாதாரண முரசு நோய் என்றே நினைக்க வைக்கும். வாய் சுத்தமாக இருக்கிறது, மற்றப் பற்கள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன, ஒரே ஒரு இடத்தில் மட்டும் எலும்பு கரைந்திருக்கிறது என்றால் வைத்தியருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

கபோசி சார்கோமா. 1872ல் மோரிட்ஸ் கபோசி விவரித்தது. 1994ல் சாங், மூர் இருவரும் இதற்குப் பின்னால் ஒரு ஹெர்ப்பீஸ் வகை வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அதை எச்எச்வி-8 என்கிறோம். மேலண்ணத்திலும் முரசிலும் ஊதா நிறத் திட்டாகத் தொடங்கிக் கட்டியாகும். நிர்ப்பீடன சக்தி குறைந்தவர்களுக்கு, அதாவது எச்ஐவி உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் மாற்றிவைத்து அதற்காகக் குளிசை எடுப்பவர்களுக்கும் வரும்.

பிறகு ஆபத்தில்லாத அரிதானவை: தசையும் இரத்தக் குழாயும் கலந்த ஆஞ்சியோலெயோமயோமா, வாயில் மிக அபூர்வமாக வரும் குளோமஸ் கட்டி, எபிதீலியொயிட் ஹீமாஞ்சியோமா, மாசன் கட்டி. முழுதாக எடுத்தால் பெரும்பாலும் முடிந்தது. சொலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி இரத்தக் குழாய்க் கலத்திலிருந்து வருவதில்லை, ஆனால் குழாய்கள் நிறைந்திருப்பதால் இந்தப் பட்டியலில் எப்போதும் கூடவே வரும், அதில் சில திரும்ப வரலாம் என்பதால் நெடுநாள் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மறப்பவர்கள் அதிகம். சிறுநீரகம், ஈரல், தைரொயிட் ஆகிய உறுப்புகளின் புற்றுநோய் சில வேளை முரசுக்குப் பரவி, பயோஜெனிக் கிரானுலோமாவைப் போலவே சிவந்து இரத்தம் கசியும். சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருப்பதே வாயில் வந்த கட்டியால்தான் தெரியவருகிறது.

கைக்குழந்தையின் உதட்டில் சிவந்த கட்டி. பிறக்கும்போது இருக்கவில்லை.

பிறந்து சில வாரங்களில் தோன்றி, முதல் சில மாதங்களில் விறுவிறுவென்று வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குவது குழந்தை ஹீமாஞ்சியோமா. பிறக்கும்போதே இருந்து, குழந்தை வளர வளர அதுவும் கூடவே வளர்ந்து, ஒருபோதும் சுருங்காமல் இருப்பது இரத்தக் குழாய்ப் பிறழ்வு. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே மாதிரி சிகிச்சை செய்த காலம் இருந்தது. 1982ல் மலிக்கன், குளோவாக்கி இருவரும் இவை வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார்கள், இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிற வகைப்பாடு அந்த அடிப்படையில் வந்ததுதான். ஆகவே பெற்றோர் சொல்கிற "எப்போது முதலில் கண்டோம்" என்ற ஒரு தகவல் பல ஸ்கேன்களுக்குச் சமம். பிறந்த நாள் படத்தையும் மாதாமாதம் எடுத்த படங்களையும் போனில் வைத்திருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கடினமான இடத்தில் வருகிற குழந்தை ஹீமாஞ்சியோமாவுக்கு ப்ரோப்ரனொலோல் என்ற மருந்து உதவும் என்று 2008ல் பிரான்சின் போர்தோ நகரத்து வைத்தியர்கள் அறிவித்தார்கள், அதன்பின் சிகிச்சையே மாறிவிட்டது. வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. கீழ் உதடு, மோவாய், கழுத்து என்று தாடி வளருகிற பகுதி முழுவதும் சிவந்திருந்தாலோ, மூச்செடுக்கும்போது சத்தம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள், தொண்டைக்குள்ளும் ஒன்று இருக்கலாம்.

பார்த்தவுடனே டொக்டரால் சொல்ல முடியாதா?

பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் வெட்டலாமா, எங்கே வைத்து வெட்டலாம், எவ்வளவு அவசரம் என்பதைக் கண்ணும் கையும் நிறையச் சொல்லும், இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாக வேறெதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு கண்ணாடித் துண்டால் கட்டியை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். நிறம் வெளிறினால் இரத்தம் குழாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தம். வயதானவர்களின் கீழ் உதட்டில் வருகிற நீலக் குமிழ் இப்படித்தான் அழுத்தினால் காணாமல் போகும். வெளிறவில்லை என்றால் இரத்தம் இழையத்துக்குள் கசிந்திருக்கலாம், உறைந்திருக்கலாம், அல்லது அந்த நிறம் இரத்தத்தால் வந்ததாகவே இல்லாமல் இருக்கலாம். கருநீல நிறத்தில் மெலனோமா என்ற நிறமிக் கலப் புற்றுநோயும் வரும், கீழ் உதட்டின் உட்புறம் நீலமாக வருகிற எச்சில் கட்டியும் வரும்.

தலையைக் கீழே குனியச் சொல்வார்கள். குனிந்தால் பெரிதாகி நிமிர்ந்தால் சுருங்குவது நாளப் பிறழ்வு. உள்ளே சிறு கற்கள் போலத் தட்டுப்பட்டால் அதுவும் அதற்கே சாட்சி. நாக்கின் மேல் சவ்வரிசி ஒட்டினாற்போல் தெளிந்த குமிழ்கள் நிறைந்திருந்தால் நிணநீர்க் குழாய்ப் பிறழ்வு நினைவுக்கு வர வேண்டும்.

விரலை வைத்தால் துடிக்கிறதா, அதிர்கிறதா, ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்கிறதா என்பதை எந்தச் சிவந்த கட்டியிலும் விடாமல் பார்க்க வேண்டும். துடித்தால் கத்தி தொடக் கூடாது.

அப்புறம் கேள்விகள். எத்தனை வாரமாக? வளர்ந்த வேகம் என்ன? உடம்பில் வேறெங்காவது இப்படித் திட்டுகள்? அடிக்கடி மூக்கால் இரத்தம் வருமா, வீட்டில் வேறு யாருக்கும் அப்படியா? உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளும் அடிக்கடி மூக்கிரத்தமும் சேர்ந்து ஒரே குடும்பத்தில் பலருக்கு இருந்தால் அது கட்டியில்லை, ஒஸ்லர்-வெபர்-ரொந்து (Osler-Weber-Rendu) நோய் என்ற பரம்பரைக் குழாய் நோயாக இருக்கலாம். முன்பு கதிர்ச் சிகிச்சை எடுத்தீர்களா, வேறு புற்றுநோய் இருந்ததா, வார்ஃபரின், அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற குளிசைகள் எடுக்கிறீர்களா? கேட்கவில்லை என்றாலும் நீங்களாகவே சொல்லுங்கள். அந்தக் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது இதய வைத்தியரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

பல் பிடுங்கப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "இன்று பிடுங்க மாட்டேன், ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஏன்?

அவருக்கு நன்றி சொல்லுங்கள். தாடை எலும்புக்குள் நாடியும் நாளமும் நேரடியாக இணைந்துவிடுகிற பிறழ்வு ஒன்று உண்டு. அதில் நாடியின் முழு அழுத்தத்தோடு இரத்தம் ஓடும். வெளியே தெரிவது ஆடுகிற ஒரு பல், பல்லைச் சுற்றி அவ்வப்போது காரணமில்லாமல் வருகிற இரத்தம், எக்ஸ்ரேயில் எலும்பில் கருமையாக ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்தப் பல்லைப் பிடுங்கினால் நிறுத்த முடியாத இரத்தப்போக்கு வரும், பல் நாற்காலியிலேயே உயிர் போன சம்பவங்கள் வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே முதலில் இரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கிற ஆஞ்சியோகிராம், பிறகு தேவைப்பட்டால் குழாய்களை உள்ளிருந்து அடைக்கிற சிகிச்சை, அதன்பிறகுதான் பல்லோ கத்தியோ.

எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்? எம்ஆர்ஐ நானே எடுத்துக்கொண்டு போனால் நேரம் மிச்சமல்லவா?

முரசில் ஒரு சென்ரிமீற்றருக்குள் இருக்கிற கட்டிக்கு எம்ஆர்ஐ அனேகமாகத் தேவையே இல்லை, எலும்பு கரைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பல் எக்ஸ்ரே அல்லது முழுத்தாடை எக்ஸ்ரே போதும். நாக்கு, சொக்கை, உதடு ஆகியவற்றில் ஆழமாகப் போவதற்கு முதலில் டொப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், இரத்தம் வேகமாக ஓடுகிறதா மெதுவாக ஓடுகிறதா என்று அது காட்டும், கதிரும் இல்லை, விலையும் குறைவு. எவ்வளவு ஆழம், எந்தத் தசைக்குள் என்று தெரிய வேண்டுமானால் மருந்து செலுத்தி எம்ஆர்ஐ. வேகமாக ஓடுகிறது என்றால் சிடி ஆஞ்சியோகிராம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த எம்ஆர்ஐயைத் திரும்ப எடுக்க வேண்டி வரும், ஆகவே எழுதித் தந்த பிறகே எடுங்கள்.

கத்தி பட்டால் கான்சர் பரவும் என்கிறார்கள். பயொப்சி செய்யலாமா?

இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம், அந்த மாதங்கள்தான் கெடுதல் செய்கின்றன. பயொப்சி எடுத்ததால் வாய்ப் புற்றுநோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போட எந்தக் காரணமும் இல்லை. பயொப்சி இல்லாமல் பெயர் இல்லை, பெயர் இல்லாமல் சிகிச்சை இல்லை.

கவனம் வேண்டியது வேறு இடத்தில். சின்னக் கட்டி என்றால் அடியோடு முழுவதையும் எடுத்து அனுப்பலாம். பெரியதாக, புண்ணாக, கெட்டியாக இருந்தால் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள், அப்படி எடுக்கும்போது நடுவில் அழுகிய பகுதியை எடுத்தால் ரிப்போர்ட்டில் ஒன்றும் வராது, உயிருள்ள ஓரத்திலிருந்து போதிய ஆழத்தில் எடுக்க வேண்டும். இடுக்கியால் நசுக்கினாலும் கலங்களின் வடிவம் போய்விடும். துடிக்கிற கட்டியையும் ஆழமான கட்டியையும் ஊர்ச் சந்தியில் இருக்கிற சின்னக் கிளினிக்கில் விறைக்கிற ஊசி போட்டு எடுக்கக் கூடாது, இரத்தம் ஏற்றவும் குழாயை அடைக்கவும் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் மட்டும்.

முரசுக் கட்டியை எடுத்தார்கள். "சாதாரணமானதுதான், லேப்புக்கு அனுப்பத் தேவையில்லை" என்றார்கள். சரிதானா?

சரியில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. மேலே சொன்ன ஆஞ்சியோசார்கோமா, கபோசி, சிறுநீரகத்திலிருந்து பரவியது எல்லாமே முதல் தடவை பயோஜெனிக் கிரானுலோமா என்று நினைத்து எடுக்கப்படக் கூடியவை. எடுத்ததை வீசிவிட்டால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வரும்போது தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அது எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: "டொக்டர், இதை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீர்களா?" மரியாதைக் குறைவான கேள்வி இல்லை அது. தனியாரில் பணம் பிரச்சினை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், அங்கே கட்டணம் இல்லை.

ஏற்கெனவே வீசப்பட்டுவிட்டது என்றால் பதற வேண்டாம். அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருங்கள், திரும்ப வந்தால் இரண்டாவது தடவை கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள்.

போத்தலை என் கையில் தந்து லேப்பில் கொடுக்கச் சொன்னார்கள். எப்படிக் கொண்டுபோவது?

போத்தலில் இருப்பது 10 சதவீதப் போர்மலின். துண்டைப் போல் குறைந்தது 10 மடங்கு திரவம் இருக்க வேண்டும், துண்டு மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீரிலோ சேலைனிலோ போட்டுத் தந்தால் வாங்காதீர்கள், கொழும்பு வெயிலில் சில மணி நேரத்தில் இழையம் பழுதாகத் தொடங்கும். ஐஸ் பெட்டி வேண்டாம், உறைந்தால் கலங்கள் வெடிக்கும். மூடியை இறுக்கி, ஒரு பையில் நிமிர்த்தி வைத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். திறந்து பார்க்க வேண்டாம், அந்த ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

போத்தலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு வருகிற படிவத்தில் வயது, சரியான இடம், எத்தனை வாரம், கர்ப்பமா, முன்பு புற்றுநோயா, என்ன குளிசை எல்லாம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். "முரசுக் கட்டி" என்று மட்டும் எழுதி வருகிற படிவத்தை வைத்துக்கொண்டு நோயியலாளர் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே இருந்தால் அதன் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

ரிப்போர்ட் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது? "மேலதிகப் பரிசோதனை தேவை" என்று வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது.

இரத்தக் குழாய்க் கட்டிகளில் மேலதிகப் பரிசோதனை கேட்பது கெட்ட செய்தி இல்லை. கவனமாகப் பார்க்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

நடப்பது இதுதான். துண்டு போர்மலினில் பதமாகி, நீர் நீக்கி, மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு தடிப்பில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றப்படும். எலும்பு சேர்ந்திருந்தால் முதலில் அதை அமிலத்தில் மெதுவாக்க வேண்டும், அதற்கே நாட்கள் போகும். நுணுக்குக்காட்டியில் நோயியலாளர் முதலில் பார்ப்பது ஒழுங்கை. சின்னக் குழாய்கள் சிறு சிறு குழுக்களாக, ஒவ்வொரு குழுவுக்கும் நடுவில் ஒரு பெரிய குழாயாக அடுக்கியிருந்தால் பயோஜெனிக் கிரானுலோமா. குழாய்கள் ஒன்றோடொன்று திறந்து, ஒழுங்கில்லாமல் தசைக்குள் புகுந்து, உட்சுவர்க் கலங்கள் பெருத்துக் கருமையாகி ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் ஆஞ்சியோசார்கோமா. ஆனால் பல தடவை கலங்கள் குழாய் எதையும் கட்டாமல் வெறுமனே கூட்டமாக நிற்கும், அப்போது இவை இரத்தக் குழாய்க் கலங்கள்தானா என்பதே கேள்வி.

அங்கேதான் நிர்ப்பீடனச் சாயம் வருகிறது, அதாவது குறிப்பிட்ட வகைக் கலங்களில் ஒட்டி அவற்றை அடையாளம் காட்டுகிற சாயம். சிடி31, ஈஆர்ஜி, சிடி34 ஆகிய மூன்றும் இரத்தக் குழாய் உட்சுவர்க் கலங்களைக் காட்டுபவை, இவற்றில் சிடி34 மற்றக் கட்டிகளிலும் ஒட்டும் என்பதால் தனியாக நம்ப முடியாது. டி2-40 நிணநீர்க் குழாய்க்கு. குளூட்-1 ஒட்டினால் குழந்தை ஹீமாஞ்சியோமா, பிறழ்வில் அது ஒட்டாது. எச்எச்வி-8 சாயம் கலத்தின் கருவில் ஒட்டினால் கபோசி. ஸ்டாட்6 கலத்தின் கருவில் ஒட்டினால் சொலிட்டரி ஃபைப்ரஸ் கட்டி. எபிதீலியொயிட் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமாவில் பத்தில் ஒன்பதுக்கு டபிள்யூடபிள்யூடிஆர்1, காம்டா1 என்ற இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றாக ஒட்டியிருக்கும், அதனால் காம்டா1 சாயம் ஒட்டும்.

ஒரு பொறி இருக்கிறது. எபிதீலியொயிட் வகை ஆஞ்சியோசார்கோமாவில் கெரட்டின் சாயமும் ஒட்டலாம். கெரட்டின் என்பது சாதாரண வாய்ப் புற்றுநோயின், அதாவது கார்சினோமாவின், அடையாளம். வெற்றிலை போடுகிற வயதானவரின் வாயிலிருந்து வந்த துண்டு, கெரட்டின் ஒட்டியிருக்கிறது என்றால் கார்சினோமா என்று எழுதி முடித்துவிடுவது மிகச் சுலபம். ஈஆர்ஜியையும் சேர்த்துப் போட்டால்தான் தப்பலாம். ஆகவே நாட்கள் போனால் போகட்டும்.

முதல் ரிப்போர்ட்டில் ஆஞ்சியோசார்கோமாவாக இருக்கலாம் என்றார்கள், இரண்டாவதில் மாசன் கட்டி என்கிறார்கள். யாரை நம்புவது?

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க நடப்பது. ஒரு குழாய்க்குள் உறைந்த இரத்தத்தை உடல் சீர்செய்யும்போது உட்சுவர்க் கலங்கள் விரல் விரலாக உள்ளே வளரும், அதுதான் மாசன் கட்டி. 1923ல் பியர் மாசன் விவரித்ததால் அவர் பெயர். உதடு, நாக்கு, சொக்கையில் சின்ன உருண்டையாக வரும், நுணுக்குக்காட்டியில் ஒரு மூலையை மட்டும் பார்த்தால் ஆஞ்சியோசார்கோமா போல அப்படியே இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் மாசன் கட்டி பெரும்பாலும் குழாயின் உள்ளேயே நிற்கும், வெளி இழையத்துக்குள் புகாது, கலங்கள் அடுக்கடுக்காகப் பெருகாது, இறந்த பகுதி இருக்காது. துண்டு முழுதாகக் கிடைத்தால் இதைக் காண்பது சுலபம், ஒரு கிள்ளல் மட்டும் கிடைத்தால் கடினம்.

இரண்டு ரிப்போர்ட் முரண்படும்போது மூன்றாவது கண் வேண்டும். மெழுகுக் கட்டிகளும் கண்ணாடித் துண்டுகளும் ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கும், வைத்தியரின் கடிதத்தோடு கேட்டு வாங்கி வாய் நோயியலிலோ சார்கோமாவிலோ அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொடுக்கலாம். திரும்ப வெட்டத் தேவையில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கோ கதிர்ச் சிகிச்சைக்கோ நாள் குறிக்கும் முன்பு இதைச் செய்யுங்கள், எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

ஏன் எச்ஐவி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள்? அவமானமாக இருக்கிறது.

கபோசி என்று வந்தாலோ சந்தேகம் வந்தாலோ அந்த டெஸ்ட் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்க முடியாது, ஏனென்றால் எச்ஐவி இருந்தால் அதற்கான மருந்தைத் தொடங்கினாலே பலருக்குக் கபோசி சுருங்கத் தொடங்கும். உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியாக இதை எடுக்க வேண்டாம். இலங்கையில் எச்ஐவி மிகக் குறைவு, முடிவு பெரும்பாலும் இல்லை என்றே வரும். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் இருக்கிற தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகச் செய்யலாம்.

வெற்றிலை போடுவதால் இந்தக் கட்டி வருமா?

இரத்தக் குழாய்க் கட்டிகளுக்கு வெற்றிலை காரணமில்லை. ஆனால் இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் காரணம், பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும். ஆகவே வெற்றிலை போடுகிறவரின் வாயில் ஒரு கட்டியோ ஆறாத புண்ணோ மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் முதலில் சந்தேகிப்பது அதைத்தான்.

கொழும்பில் எங்கே போவது?

தொடக்கத்துக்கு வோர்ட் பிளேசில் இருக்கிற தேசிய பல் வைத்தியசாலை. அங்கே வாய் முக அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். குழந்தை என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. புற்றுநோய் என்று உறுதியானால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். வாய் இழையங்களைப் பார்ப்பதில் நீண்ட அனுபவமுள்ள இடம் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் வாய் நோயியல் பிரிவு, நீங்கள் கண்டிக்குப் போகத் தேவையில்லை, துண்டோ ஸ்லைடோ போனால் போதும். நிபுணரை சனல் பண்ணிப் பார்த்துவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் தொடர்வதும் நடைமுறையில் உள்ளதுதான்.

சிங்களத்தில் விவரமாகச் சொல்ல முடியாத அம்மாக்கள், ஐயாமார் தனியாகப் போனால் "எப்போது தொடங்கியது" என்ற கேள்விக்கே பதில் தப்பிவிடும். கூடப் போக ஆள் இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு தாளில் தேதிகளையும் குளிசைகளையும் பழைய நோய்களையும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிளினிக் புத்தகத்துக்குள் அந்தத் தாளை வைத்தால் ஒவ்வொரு முறையும் உதவும்.

எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் நல்லது. இனிப் போகத் தேவையில்லைதானே?

என்ன பெயர் வந்தது என்பதைப் பொறுத்தது. பயோஜெனிக் கிரானுலோமா என்றால் காயம் ஆறியதையும் பல் சுத்தத்தையும் ஓரிரு முறை பார்த்தால் போதும், திரும்ப வந்தால் மட்டும் போங்கள். எபிதீலியொயிட் ஹீமாஞ்சியோஎண்டோதீலியோமா என்றால் ஈரலையும் நுரையீரலையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், வருடக்கணக்கில் கிளினிக்குக்குப் போக வேண்டும், நலமாக இருக்கிறோம் என்று இடையில் நிறுத்தக் கூடாது. ரிப்போர்ட்டில் வெட்டிய விளிம்பில் கட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தால், ஆபத்தில்லாத பெயராக இருந்தாலும், இன்னும் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டே வாருங்கள். ரிப்போர்ட்டின் மூலப் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போட்டோப் பிரதியைக் கொடுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.